க்ளிப்லெஸ் பெடலுக்கும் தினசரி நடைக்கும் ஒரே ஷூ: எதைப் பார்த்து வாங்குவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: அலுவலகத்துக்கு ஒரு பக்கம் 9 கிலோமீட்டர், வாரத்தில் ஐந்து நாள். சாதாரண பெடலிலிருந்து க்ளிப்லெஸ் பெடலுக்கு, அதாவது ஷூவின் அடியில் போல்ட் போட்டுப் பொருத்திய ‘க்ளீட்’ என்ற துண்டு பூட்டிக்கொள்ளும் பெடலுக்கு, மாறப் போகிறீர்கள். கடையில் போட்டுப் பார்த்த ஒரு ஷூ சுண்டு விரலை நெரித்தது, இன்னொன்று நடந்தால் தரையில் வழுக்கியது. வசதியான மாடல் எது என்று கேட்கிறீர்கள். மாடல் பெயரை மட்டும் சொல்வதில் பயனில்லை. ஒருவருக்குக் கச்சிதமாக இருக்கும் ஷூ அடுத்தவர் காலில் கொப்புளம் போடும். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது, மிதிக்கவும் நடக்கவும் ஒரே ஷூ ஒத்துவருமா, வரும் என்றால் அதை உங்கள் காலுக்கு எப்படிச் சோதித்து எடுப்பது என்பதுதான்.

முதல் பாதிக்குத் தயங்காமல் பதில் சொல்லலாம்: ஒத்துவரும், ஆனால் இரண்டு போல்ட் க்ளீட் பொருத்தும் ஷூவாக இருக்க வேண்டும். உங்களை வழுக்கவிட்டது பெரும்பாலும் மூன்று போல்ட் வகை ரோடு ஷூவாக இருக்கும். பனிச்சறுக்குக் காலணியைப் பலகையோடு பூட்டும் முறையை லுக் நிறுவனம் 1984இல் பெடலுக்குக் கொண்டுவந்தது. அந்த வழியில் வந்த மூன்று போல்ட் க்ளீட்டுகள் அகலமான பிளாஸ்டிக் துண்டுகள். வழவழப்பான சோலுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். நடந்தால் முன்பாதம் உயர்ந்து குதிகால் தாழும், வழவழ தரையில் பிடிமானம் இருக்காது, தேய்மானமும் வேகம். ஷிமானோ 1990இல் எஸ்பிடி என்ற பெயரில் கொண்டுவந்த க்ளீட் சிறிய உலோகத் துண்டு. சோலில் இருக்கும் பள்ளத்துக்குள் அது அடங்கிவிடும், சுற்றியுள்ள ரப்பர்தான் தரையைத் தொடும். மலைப்பாதைச் சைக்கிளுக்காக வந்த ஏற்பாடு, தினசரிப் பயணத்துக்குத்தான் இன்னும் பொருத்தமாக அமைந்துவிட்டது.

இதில் வாங்குபவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. எஸ்பிடி, கிராங்க் பிரதர்ஸ், டைம் நிறுவனத்தின் அட்டாக் மூன்றுமே ஷூவில் ஒரே இரண்டு துளைகளைப் பயன்படுத்துகின்றன. ஆகவே ஷூ பொது. க்ளீட் பொது அல்ல, எந்த பெடலோ அதற்கான க்ளீட்தான் பூட்டும். க்ளீட் வழக்கமாக பெடல் பெட்டிக்குள் வரும், ஷூவோடு வராது. சாதாரண ஷூ போலத் தோற்றமளிக்கும் சில மாடல்களில் க்ளீட் இடத்தை ரப்பர் மூடி மறைத்திருக்கும். அதைத் திருகியோ கத்தியால் அறுத்தோ எடுக்க வேண்டும். அறுத்துவிட்டால் கடையில் திருப்பிக் கொடுக்க முடியாது என்பதால், வீட்டுக்குள் ஒருநாள் போட்டு நடந்து பார்த்த பிறகு கத்தியை எடுங்கள். இரண்டு துளை, மூன்று துளை இரண்டும் உள்ள ஷூக்களும் கிடைக்கின்றன. அவற்றில் பலவற்றின் சோல் தட்டையானது, உலோக க்ளீட்டைப் போட்டாலும் வெளியேதான் நிற்கும். துளைகளை எண்ணுவதை விட, க்ளீட் உட்காரும் பள்ளம் சுற்றியுள்ள ரப்பரைவிட ஆழமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி பொருத்தம். இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். சைக்கிள் ஷூ வாங்கிக் கஷ்டப்படுபவர்களில் பெரும்பாலோர் அகலத்தில் தவறுகிறார்கள், நீளத்தில் அல்ல. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், வழக்கமாகப் போடும் சாக்ஸோடு ஒரு தாளின் மேல் எழுந்து நின்று இரண்டு பாதங்களையும் வரைந்துகொள்ளுங்கள். உட்கார்ந்து அளந்தால் பாதம் விரியாது, அளவு குறைத்துக் காட்டும். குதிகாலிலிருந்து மிக நீளமான விரல் நுனிவரை ஒரு அளவு (சிலருக்கு அது இரண்டாவது விரல்), முன்பாதத்தின் மிக அகலமான இடத்தில் ஒரு அளவு, இரண்டும் மில்லிமீட்டரில். ஐரோப்பிய எண் 42 என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மில்லிமீட்டர் மாறாது. நிறுவனத்தின் அளவு அட்டவணையில் அதை வைத்துத் தேடுங்கள். இரண்டு காலும் ஒரே அளவாக இல்லாவிட்டால் பெரிய காலுக்கு வாங்கி, சிறிய காலில் இன்சோலுக்கு அடியில் மெல்லிய அட்டை வைப்பதுதான் வழி.

கடையில் செய்ய வேண்டிய மிக எளிய சோதனை: ஷூவுக்குள் இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன் மேல் நில்லுங்கள். சுண்டு விரலோ பெருவிரல் மேடோ ஓரத்தைத் தாண்டி வழிந்தால் அந்த ஷூ உங்களுக்குக் குறுகலானது. விற்பவர் என்ன சொன்னாலும் அதை விட்டுவிடலாம். ‘போடப் போட இளகிவிடும்’ என்பது தோல் ஷூவுக்கு ஓரளவு உண்மை. இப்போதைய சைக்கிள் ஷூக்களில் பெரும்பாலானவை செயற்கைப் பொருள், அவை கணிசமாக இளகுவதில்லை. அடியில் இருக்கும் கெட்டியான தகடு இளகவே இளகாது. குறுகலாக இருக்கிறது என்று ஒரு அளவு நீளமாக வாங்குவதும் தவறு. அகலம் கொஞ்சம்தான் கூடும், ஆனால் குதிகால் உள்ளே ஆடும், க்ளீட் துளைகளும் பாதத்துக்குச் சரியான இடத்தில் வராது. பல நிறுவனங்கள் சில மாடல்களை அகலப் பதிப்பாகவும் விற்கின்றன. ஷிமானோவும் லேக்கும் அப்படித் தருபவர்கள். சுண்டு விரல் நெரிந்தது என்று சொன்னதால், நீங்கள் தேட வேண்டியது அதே நீளத்தில் அகலப் பதிப்பு.

நீளத்தில், விரல் நுனிக்கு முன்னால் 5 முதல் 8 மில்லிமீட்டர் இடம் போதும். ஓட்டத்துக்கான ஷூவில் விடுவது போல ஒரு கட்டைவிரல் அகலம் தேவையில்லை, மிதிக்கும்போது பாதம் முன்னால் சரிவதில்லை. ஆனால் நீங்கள் மாடிப்படியும் இறங்கப் போகிறீர்கள். எனவே கடையில் படி இருந்தால் இறங்கிப் பாருங்கள், விரல் நுனி இடிக்கக் கூடாது. குதிகாலைத் தூக்கினால் ஷூவும் கூடவே வர வேண்டும். கெட்டியான சோல் என்பதால் நடக்கும்போது குதிகால் ஓரிரு மில்லிமீட்டர் நழுவுவது இயல்பு. அதற்கு மேல் போனால் கொப்புளம்தான். குறைந்தது பத்து நிமிடம் போட்டுக்கொண்டே இருங்கள். பாதத்தின் மேற்புறம் வலித்தால், லேஸை அந்த இடத்துத் துளையில் மட்டும் குறுக்கே போடாமல் நேராக மேலே ஏற்றிக் கட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சோல் எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எஸ்பிடி வகை பெடலில் காலின் விசை சில சதுர சென்டிமீட்டர் இடத்தில் இறங்குகிறது. சோல் துவண்டால் க்ளீட் பாதத்தின் அடியில் கூழாங்கல் போல உறுத்தும். மிகவும் கெட்டியாக இருந்தால் நடக்கும்போது பாதம் வளையாது, குதிகால் கழன்று கழன்று வரும். ஷிமானோ தன் ஷூக்களுக்கு 12 வரை போகும் கெட்டித்தன எண் ஒன்றைத் தருகிறது. தினசரிப் பயணத்துக்கு அதில் நடுவிலோ அதற்குச் சற்றுக் கீழேயோ உள்ளது போதும், கார்பன் சோலுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். எண் இல்லாத ஷூவைக் கையால் சோதிக்கலாம். நுனியையும் குதிகாலையும் பிடித்து வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் வளைய வேண்டும், க்ளீட் பூட்டும் இடத்தில் வளையக் கூடாது. க்ளிப் பொறியைச் சுற்றி அகலமான மேடை உள்ள பெடல் எடுத்தால், சற்றே மென்மையான சோலோடும் உறுத்தாமல் ஓட்டலாம்.

கெட்டியான சோலும் பூட்டிய காலும் உங்கள் வேகத்தைக் கூட்டும் என்று எதிர்பார்த்திருந்தால், அந்த எதிர்பார்ப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். 2016இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு, மிதமான உழைப்பில், தட்டை பெடலில் ஓட்டத்துக்கான ஷூ போட்டு மிதிப்பதற்கும் க்ளிப்லெஸ்ஸில் கெட்டி சோலோடு மிதிப்பதற்கும் உடல் செலவிடும் ஆற்றலில் வேறுபாடு காணவில்லை. ஏற்றத்தில் முழுமூச்சாக எழுந்து மிதிப்பதற்கு இதை நீட்டிச் சொல்ல முடியாது. தினசரிப் பயணத்தில் க்ளிப்லெஸ் தருவது வேறு: மழையில் கால் வழுக்காது, குண்டும் குழியுமான சாலையில் பெடலைவிட்டுத் துள்ளாது, ஒவ்வொரு முறையும் பாதம் ஒரே இடத்தில் உட்காரும். இவை உங்களுக்குத் தேவையில்லை என்றால், கூரான பிடிப்புள்ள தட்டை பெடலும் கெட்டி அடி கொண்ட சாதாரண ஷூவும் 9 கிலோமீட்டருக்குத் தாராளம். வழியில் சிக்னல் அதிகம் என்றால் நான் அதைத்தான் முதலில் யோசிப்பேன்.

இறுக்கும் முறைகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். லேஸ் நன்றாகப் பொருந்தும், அறுந்தால் மாற்றுவதும் சுலபம், ஆனால் நுனியை உள்ளே செருக வேண்டும். வலது பக்க லேஸ் நுனி செயினுக்கும் பற்சக்கரத்துக்கும் நடுவில் சிக்கினால், கால் பூட்டியிருக்கும் நிலையில் அது ஆபத்து. லேஸுக்கு மேல் எலாஸ்டிக் பட்டையோ வெல்க்ரோ மூடியோ உள்ளது நல்லது. திருகி இறுக்கும் டயல் வகையில் ஓட்டும்போதே ஒரு கையால் தளர்த்தலாம், கால் வீங்கும் வெயில் காலத்தில் அது நிஜமான வசதி. வலைத்துணி மேல்புறம் காற்றோட்டம் தரும், மழையில் நனையும், ஆனால் சீக்கிரம் காயும். நீர்புகாத ஷூவிலும் கணுக்கால் வழியாகவும் க்ளீட் துளை வழியாகவும் நீர் இறங்கும், இறங்கியது வெளியேறாது. நனைந்த ஷூவை இன்சோலை எடுத்துவிட்டு, செய்தித்தாளைத் திணித்து, காற்றில் உலர்த்துங்கள். ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் சோலை ஒட்டிய பசை விடும்.

அலுவலகத்தில் நாள் முழுக்க அதே ஷூவோடு இருக்கலாமா? முடியும், ஆனால் பரிந்துரைக்க மாட்டேன். பள்ளத்தில் அடங்கிய க்ளீட்டும் கல் தரையிலும் படி விளிம்பிலும் உரசி ‘டக் டக்’ என்று சத்தம் போடும், மரத்தரையில் கீறலும் விடும். ரப்பர் தேயத் தேய இது கூடும். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து இருக்கைவரை, மதியம் கடைவரை என்ற அளவு நடைக்கு இந்த ஷூ சரி. மேசைக்கடியில் ஒரு ஜோடி சாதாரண காலணி வைத்துவிட்டால், நடைக்காக மிதிப்பதில் சமரசம் செய்ய வேண்டியதில்லை, சைக்கிள் ஷூவின் ஈரமும் மாலைக்குள் காய்ந்துவிடும்.

பெடல் வாங்கும்போது ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் எஸ்பிடி என்றுள்ள வகையைப் பாருங்கள். ஷிமானோவின் பிடி-ஈஎச்500 அப்படிப்பட்டது. சாதாரணச் செருப்போடு கடைக்குப் போகும் நாளிலும் அதே சைக்கிள் உதவும். அதன் சங்கடம், ஒவ்வொரு சிக்னலிலும் சரியான பக்கத்தைக் காலால் தேட வேண்டும். இரண்டு பக்கமும் பூட்டும் எம்520 போன்றவற்றில் அந்தத் தேடல் கிடையாது. ஷிமானோவின் க்ளீட் வகைகளில், எஸ்எச்51 குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழலும். எஸ்எச்56 வேறு சில கோணங்களில் இழுத்தாலும் கழலும், புதிதாகப் பழகுபவருக்கு இது தைரியம் தரும். ஆனால் எழுந்து நின்று பலமாக மேலே இழுத்தால் எதிர்பாராமல் கழலவும் கூடும். பெடலில் இருக்கும் இறுக்கத் திருகை, பெரும்பாலும் 3 மில்லிமீட்டர் ஆலன் சாவி, மிகக் குறைந்த நிலைக்குக் கொண்டுவந்து அங்கேயே தொடங்குங்கள். எல்லாத் திருகுகளுக்கும் ஒரே அளவு. கிராங்க் பிரதர்ஸ் பெடலில் இந்தத் திருகு கிடையாது, அதன் பித்தளை க்ளீட் எஃகைவிட வேகமாகத் தேயும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பெடலை மாட்டும்போது மரையில் கிரீஸ் தடவுங்கள். வலது பெடல் வழக்கம் போல இறுகும், இடது பெடலுக்குத் தலைகீழ் மரை.

ஷூ எவ்வளவு நல்லதானாலும் க்ளீட்டைத் தவறான இடத்தில் பூட்டினால் வசதி போய்விடும். ஷூவைப் போட்டுக்கொண்டு, பெருவிரலின் அடியிலுள்ள எலும்பு மேட்டையும் சுண்டு விரலின் அடியிலுள்ள மேட்டையும் விரலால் தடவிக் கண்டுபிடித்து, வெளியே சிறு டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். பெடல் அச்சு இந்த இரண்டு குறிகளுக்கும் நடுவில் விழும்படி க்ளீட் உட்கார வேண்டும். தினசரிப் பயணத்துக்கு அதைவிடச் சில மில்லிமீட்டர் குதிகால் பக்கம் தள்ளி வைப்பது பலருக்கு இதமாக இருக்கிறது, கெண்டைக்காலுக்கும் குதிகால் தசைநாருக்கும் வேலை குறையும். சோலில் முன்னே ஒரு ஜோடி, பின்னே ஒரு ஜோடி மரைத்துளை இருந்தால் பின் ஜோடியில் தொடங்குங்கள். எஸ்பிடி க்ளீட்டின் கூரான முனை ஷூவின் நுனியைப் பார்த்திருக்கும். கோணத்துக்கு, மேசை விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு, பாதம் தானாக எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கவனியுங்கள். எஸ்பிடியில் பூட்டிய நிலையிலும் சுமார் 4 டிகிரி அசைவு இருக்கும், பாதத்தின் இயல்பான கோணம் அந்த அசைவின் நடுவில் விழ வேண்டும். பாதத்தைக் கட்டாயமாக நேராக்கிவிட்டால் முட்டி முறுக்கப்படும். ஷூ கிராங்கில் (பெடலைத் தாங்கும் தண்டில்) உரசினால் க்ளீட்டை ஷூவின் உள்பக்கமாக நகர்த்துங்கள், பாதம் வெளியே விலகும்.

போல்ட் மரைகளில் கிரீஸ் தடவி, 4 மில்லிமீட்டர் ஆலன் சாவியால் இரண்டையும் மாறி மாறி இறுக்குங்கள். ஷிமானோ சொல்லும் அளவு 5 முதல் 6 நியூட்டன் மீட்டர். இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் சாவி இல்லாவிட்டால், குட்டைப் பக்கத்தைக் கையில் பிடித்துத் திருகுவது போதாது, நீளப் பக்கத்தைப் பிடித்து நன்றாக இறுக்க வேண்டும். இன்சோலுக்கு அடியில் துளையை மூடும் ஸ்டிக்கர் வந்திருந்தால், இடம் உறுதியான பிறகு ஒட்டுங்கள். புது க்ளீட் முதல் சில பயணங்களில் சோலில் அழுந்தி உட்காரும், அதனால் போல்ட் தளரும். முதல் வாரக் கடைசியில் ஒருமுறை, பிறகு மாதம் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். இது ஏன் முக்கியம்? இரண்டில் ஒரு போல்ட் விழுந்துவிட்டால் குதிகாலைத் திருப்பும்போது க்ளீட் ஷூவோடு திரும்பாது, ஒற்றைப் போல்ட்டில் சுழன்று பெடலிலேயே நிற்கும். கால் கழலாது. அப்படி நேர்ந்தால் பெடலோடு போராடாமல், மறு காலை ஊன்றி நின்று, ஷூவிலிருந்து பாதத்தை உருவிக்கொள்ளுங்கள்.

முதலில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலையும் இருபது முப்பது தடவை பூட்டிக் கழற்றிப் பழகுங்கள். சாலையில் நிற்பதற்குச் சில நொடி முன்பே ஒரு காலைக் கழற்றிவிட வேண்டும், நின்ற பிறகு அல்ல. புது ஷூவில் பூட்டவோ கழற்றவோ கஷ்டமாக இருந்தால் பழக்கமின்மை என்று மட்டும் நினைக்காதீர்கள். சோலின் ரப்பர் கட்டைகள் பெடல் மேடையில் முட்டிக்கொண்டு தடுக்கலாம். க்ளீட்டுக்கும் சோலுக்கும் நடுவில் 1 மில்லிமீட்டர் தகடு வைத்து உயர்த்தலாம், அல்லது முட்டும் ரப்பரைக் கத்தியால் சிறிது சீவலாம். ஷூவும் பெடலும் மாறியதால் சீட்டின் உயரமும் சில மில்லிமீட்டர் மாறியிருக்கும், அதையும் சரிபார்க்க வேண்டும்.

வலி வந்தால் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். விரல்கள் மரத்துப்போனாலோ முன்பாதம் எரிந்தாலோ, விரல்களுக்கு இடையே ஓடும் நரம்பு அழுந்துகிறது என்று பொருள். முதலில் இறுக்கத்தைத் தளர்த்துங்கள், பிறகு மெல்லிய சாக்ஸ், பிறகு க்ளீட்டை 2 அல்லது 3 மில்லிமீட்டர் பின்னால் தள்ளுவது. மூன்றும் உதவாவிட்டால் ஷூ குறுகல். முட்டியின் உள்பக்கமோ வெளிப்பக்கமோ வலித்தால் க்ளீட் கோணத்தைச் சந்தேகிக்கலாம். முன்பக்கம் வலித்தால் ஷூவைவிட, தாழ்ந்த சீட்டுக்கு வாய்ப்பு அதிகம். இவை அடையாளங்கள்தான், தீர்ப்பு அல்ல. பாதத்தைப் பார்க்காமல் எழுத்தில் இதற்கு மேல் சொல்வது சரியாகாது. பாதவளைவுக்கான தனி இன்சோல் சிலருக்கு உதவுகிறது, சிலருக்கு ஒரு மாற்றமும் தருவதில்லை, வலி இல்லாதவர் அதில் பணம் போட வேண்டாம். சைக்கிளை விட்டு இறங்கி நெடுநேரமாகியும் மரப்பு போகாவிட்டாலோ, சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தாலோ, க்ளீட்டை நகர்த்திப் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். உணர்ச்சி குறைந்த காலில் ஷூ நெரிப்பதே தெரியாது.

எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருந்து, ஒரு கட்டத்தில் மேலே இழுக்கும்போது கால் தானாகக் கழலவோ, பூட்டிய நிலையில் லொடலொடவென்று ஆடவோ தொடங்கினால் தேய்ந்தது க்ளீட், ஷூ அல்ல. இரண்டு காலுக்கும் சேர்த்து மாற்றுங்கள். பழையதைக் கழற்றும் முன் அதைச் சுற்றி மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டால் புதியது அதே இடத்தில் உட்காரும். போல்ட் தலையின் குழியில் மண் இறுகியிருக்கும். ஊசியால் முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு ஆலன் சாவியைச் செருகுங்கள், இல்லாவிட்டால் குழி வழுக்கிப்போய் போல்ட்டைத் துளைபோட்டுத்தான் எடுக்க வேண்டிவரும்.